அலமாரியில் இருந்த இரண்டு டின்கள்

டிசம்பர் நெருங்கிவிட்டால் என் கைப்பேசிக்கு ஒரே கேள்வி பல இடங்களிலிருந்து வரும். "ஆபீஸ்ல கிறிஸ்மஸ் விருந்து, ஆளுக்கு ஒரு சாப்பாடு கொண்டுபோகணும், என்ன செய்யலாம்?" சென்ற வாரம் கேட்டவள் என் தம்பி மகள். வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை.

"அத்தை, பிரியாணியை ஒருத்தர் எடுத்துக்கிட்டாங்க. கேக்கு ரெண்டு பேர். நூடல்ஸ் ஒருத்தர். எனக்குக் காய்கறின்னு எழுதிட்டாங்க."

"பீன்ஸ் கேசரோல் செய்" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் மறுபடி அழைத்தாள். "அத்தை, இணையத்துல பார்த்தேன். டின் சூப்பைத் திறந்து ஊத்தச் சொல்றாங்க. நீங்களா இதைச் செய்யச் சொல்றீங்க?"

அவள் கேட்டது நியாயம்தான். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், தேங்காய்ப் பாலைக்கூடப் பொட்டலத்தில் வாங்காதீர்கள் என்று எழுதியவள் நான். அப்படிப்பட்டவளுக்கு ஒரு டின் சூப் பாடம் சொல்லித் தந்தது. அதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். செய்முறையும் உண்டு.

முதலில், பீன்ஸ் கேசரோல் என்றால் என்ன? வேகவைத்த பீன்ஸைக் கெட்டியான காளான் பால் குழம்பில் புரட்டி, மேலே பொரித்த வெங்காயத்தைத் தூவி, ஓவனில் சுட்டெடுப்பது. அமெரிக்காவில் நவம்பர் மாதம் நான்காம் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்து. வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, கிரான்பெரி சாஸ் இவற்றோடு இதுவும் பல வீடுகளில் மேசைக்கு வரும். கிறிஸ்மஸுக்கும் செய்வார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த விருந்து நேரத்தில் நான் நியூ ஜெர்சியில் தங்கை வீட்டில் இருந்தேன். செரி ஹில் என்ற ஊர். டெலாவேர் ஆற்றைத் தாண்டினால் பிலடெல்பியா நகரம். மாப்பிள்ளை அந்தப் பக்கத்து வெள்ளைக்காரர். அவருடைய அம்மா அந்த ஆண்டு மார்ச் மாதம் தவறிவிட்டார். அப்பாவுக்கு 78 வயது, அதே ஊரில் தனியாக இருந்தார். விருந்தை அவர் வீட்டிலேயே வைப்பது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள்.

யார் என்ன சமைப்பது என்று பேசிக்கொண்டார்கள். வான்கோழி மாப்பிள்ளை பொறுப்பு. உருளைக்கிழங்கு அவருடைய அக்கா. பை என் தங்கை. பீன்ஸ் என்று வந்ததும் யாரும் வாய் திறக்கவில்லை. அது அம்மா செய்வது.

அன்று இரவு தங்கை கேட்டாள். "பீன்ஸை நீ செஞ்சிடுறியா அக்கா? நாங்க யார் செஞ்சாலும் அத்தை செஞ்ச மாதிரி இல்லைன்னு ஆயிடும். நீ வெளி ஆளு."

"உன் மாமியார் செய்முறையை எங்கேயாவது எழுதி வெச்சிருக்காங்களா?"

"எழுதலாம் இல்ல அக்கா. சூப் டின்னு மேலயே போட்டிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமையல் பத்தி எழுதுகிறவளிடம் டின்னைப் பார்த்துச் செய் என்கிறாளே! செய்வதைச் சரியாகச் செய்கிறேன் என்று கிளம்பினேன். பச்சைப் பசேலென்ற பீன்ஸ், புதுக் காளான், வெண்ணெய், கிரீம், எல்லாம் வாங்கினேன். சின்ன வெங்காயத்தை நானே மெல்லியதாக அரிந்து பொரித்தேன். ஒரு பச்சை மிளகாயையும் கீறிப் போட்டேன்.

விருந்து மதியம் மூன்று மணிக்கு. என் பாத்திரம்தான் முதலில் காலியானது. மாப்பிள்ளையின் அக்கா செய்முறை கேட்டு வாங்கிக்கொண்டார். பெரியவர் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, ஒரு வாய் சாப்பிட்டு, என்னைப் பார்த்து, "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றார். பிறகு உருளைக்கிழங்கு பக்கம் போய்விட்டார். தட்டுகளை எடுத்தபோது பார்த்தேன். அவர் தட்டில் மீதி பீன்ஸ் அப்படியே இருந்தது.

அந்த "நன்றாக இருக்கிறது" எனக்குத் தெரிந்த குரல்.

எங்கள் அம்மா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இரவு ஷிப்ட் முடிந்து வந்து தீபாவளிக்கு ஆட்டுக்கறி குருமா வைப்பார். தேங்காய் துருவிப் பிழிய நேரம் ஏது? டின் பாலைத் திறந்து ஊற்றிவிடுவார். அம்மா போன பிறகு வந்த முதல் தீபாவளிக்கு, தேக்கா சந்தையில் தேங்காய் வாங்கிப் பால் பிழிந்து, முந்திரி அரைத்து நான் வைத்தேன். தம்பி சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு அக்கா" என்றான். இரண்டாவது தடவை கேட்கவில்லை. மறு வருடம் அவன் மனைவியிடம் சொல்லி, டின் பால் ஊற்றிய குருமாவைத் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறான். பல மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. எனக்கு வருத்தம்கூட. என் சமையலில் என்ன குறை என்று.

குறை எதுவும் இல்லை. அது அம்மா வைத்த குருமா இல்லை, அவ்வளவுதான்.

விருந்து முடிந்து பாத்திரம் கழுவினோம். கேசரோல் தட்டைத் துடைத்து உள்ளே வைக்கக் கீழ் அலமாரியைத் திறந்தேன். காளான் சூப் டின் இரண்டும், பொரித்த வெங்காய டப்பா ஒன்றும் ஓரமாக இருந்தன. மூன்றிலும் கழிவு விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. பெரியவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"விருந்து முடிந்ததும் விலையைக் குறைப்பார்கள். அடுத்த ஆண்டுக்கென்று அப்போதே வாங்கி வைத்துவிடுவாள்" என்றார்.

அந்த 'அடுத்த ஆண்டு' இதுதான் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது. டின்னைத் திருப்பிப் பார்த்தேன். காலாவதித் தேதிக்கு இன்னும் காலம் இருந்தது.

"நாளைக்கு இதில் செய்யலாமா அங்கிள்?" என்று கேட்டேன். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. சிங்கப்பூரில் பெரியவர்கள் எல்லாரும் அங்கிள்தான்.

அவர் யோசித்தார். பிறகு, "இரண்டில் ஒன்றை மட்டும்" என்றார்.

மறுநாள் அவர் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தமக்குச் சமைக்கத் தெரியாது என்றார். ஆனால் பார்த்துப் பார்த்து எல்லாம் மனப்பாடமாக இருந்தது. பீன்ஸ் உறைநிலைப் பெட்டியிலிருந்து எடுப்பதுதான், புதிது அல்ல. பாலை அளக்கக் கோப்பை கிடையாது. காலி சூப் டின்னில் பாதி ஊற்றிக் கலக்கி, ஒட்டியிருந்த சூப்பையும் சேர்த்து ஊற்ற வேண்டும். சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி, "ஆனால் அவள் கை கொஞ்சம் தாராளம்." வெங்காயத்தைக் கடைசியில்தான் தூவ வேண்டும். கல்யாணமான புதிதில் முதலிலேயே தூவிக் கருக்கிவிட்டாராம். அந்த ஆண்டு எல்லாரும் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு பீன்ஸை மட்டும் சாப்பிட்டார்களாம்.

நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். பீன்ஸ் குழைவு. உப்பு தூக்கல். நேர்மையாகச் சொல்கிறேன், சுவையில் முந்திய நாள் நான் செய்ததுதான் மேல். ஆனால் பெரியவர் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். தட்டின் மூலையில் பிடித்திருந்த முறுகலைக் கரண்டியால் சுரண்டி எடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே மனைவியைப் பற்றிப் பேசினார். நான் அங்கே போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அதுவரை அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. மாப்பிள்ளை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

இந்தப் பண்டம் பிறந்த கதையையும் பெரியவர்தான் தொடங்கி வைத்தார். "இங்கிருந்து பக்கத்தில்தான் கண்டுபிடித்தார்கள்" என்றார். நான் பிறகு தேடிப் படித்தேன். உண்மைதான். அதே நியூ ஜெர்சியில், செரி ஹில்லிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாத கேம்டன் நகரில் இருக்கிறது கேம்பல் நிறுவனம். அங்கே சோதனைச் சமையலறையில் வேலை பார்த்தவர் டோர்கஸ் ரைலி. மனையியல் படித்தவர். 1955ல், எந்த வீட்டு அலமாரியிலும் இருக்கக்கூடிய பொருள்களை வைத்து எளிதாகச் செய்யும் ஒரு பீன்ஸ் உணவு வேண்டும் என்று அவருடைய குழு முனைந்தது. அப்போது அமெரிக்க வீடுகளில் தவறாமல் இருந்தவை பீன்ஸும் காளான் சூப் டின்னும். பால், மிளகுத்தூள், சோயா சாஸ், பொரித்த வெங்காயம் சேர்த்து ஆறே பொருள்கள். 'கிரீன் பீன் பேக்' என்று முதலில் பெயர் வைத்தார்கள்.

சோயா சாஸைப் பார்த்து வியந்தேன். நாம் கிச்சாப்பு என்று நூடல்ஸில் ஊற்றும் அதே பொருள், 1955லேயே அமெரிக்கப் பண்டிகைச் சாப்பாட்டில் இருந்திருக்கிறது. பால் குழம்பின் மந்தத்தை எடுத்துக் காளான் ருசியைத் தூக்கிக் கொடுப்பது அந்த ஒரு தேக்கரண்டிதான்.

பல ஆண்டுகள் கழித்து நிருபர்கள் கேட்டபோது, அதை உருவாக்கிய நாள் தமக்கு நினைவில்லை என்றாராம் ரைலி. அன்றாட வேலையில் நூற்றுக்கணக்கான செய்முறைகளில் அதுவும் ஒன்று. 2002ல் அவருடைய செய்முறை அட்டை ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் இருந்த தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் வைக்கப்பட்டது. 2018ல் 92 வயதில் காலமானார்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார். டின் உணவைச் சோம்பேறித்தனம் என்று நான் எளிதாகச் சொல்லிவிடுவேன். இரவு ஷிப்ட் முடிந்து வந்தும் பண்டிகைச் சாப்பாட்டை விட்டுவிடக் கூடாது என்று நினைத்தவருக்கு அந்த டின் உதவியிருக்கிறது. அதை நான் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

சரி, அடுப்படிக்கு வருவோம். இரண்டு முறைகளையும் தருகிறேன். ஆறு பேருக்கான அளவு.

டின் முறை: பீன்ஸ் சுமார் 600 கிராம். நார் நீக்கி, ஒன்றரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி வேகவைத்து நீரை நன்றாக வடித்துக்கொள்ளுங்கள். உறைநிலை பீன்ஸ் என்றால் குளிர் விட்டதும் துணியில் ஒற்றி எடுங்கள். தண்ணீர் தங்கினால் குழம்பு நீர்த்துவிடும். சுமார் 300 கிராம் காளான் கிரீம் சூப் டின் ஒன்று, பால் அரைக் கோப்பை, மெல்லிய சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி. இவற்றைக் கலந்து, பீன்ஸையும் பொரித்த வெங்காயத்தில் பாதியையும் சேர்த்துப் புரட்டுங்கள். பொரித்த வெங்காயம் மொத்தம் ஒன்றேகால் கோப்பை போதும். உப்பு போடாதீர்கள், டின்னிலும் சாஸிலும் இருப்பதே மிகுதி. ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் வைத்து, ஓரம் கொதித்ததும் வெளியே எடுத்துக் கிளறி, மீதி வெங்காயத்தைத் தூவி இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். பொரித்த வெங்காயம் சீக்கிரம் கருகும். அதனால்தான் அதற்குக் கடைசி ஐந்து நிமிடம் மட்டும்.

புது முறை: அதே அளவு பீன்ஸ். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது உப்புப் போட்டு, பீன்ஸைக் கொட்டி, மூடாமல் நான்கைந்து நிமிடம் வேகவிடுங்கள். உடனே பனிக்கட்டித் தண்ணீரில் போடுங்கள். காயிலிருந்து வெளியேறும் புளிப்பு ஆவி மூடிக்குள் தங்கினால் பச்சை நிறம் மங்கிப் பாசி நிறமாகிவிடும். நீண்ட நேரச் சூடும் அதையே செய்யும். மூடாமல் வேகவைப்பதும் சட்டென்று குளிர வைப்பதும் இதற்காகத்தான். பயத்தங்காய் மட்டும் வேண்டாம். அதன் வாசம் இந்தக் குழம்போடு ஒட்டாது.

காளான் 200 கிராம் நறுக்கி, மூன்று மேசைக்கரண்டி வெண்ணெயில் இரண்டு பல் பூண்டுடன் வதக்குங்கள். காளான் முதலில் நிறையத் தண்ணீர் விடும். அது வற்றி ஓரம் சிவக்கும் வரை பொறுங்கள், ருசி அதில்தான் இருக்கிறது. மூன்று மேசைக்கரண்டி மைதா மாவு தூவி, பச்சை வாசம் போக இரண்டு நிமிடம் கிளறுங்கள். 400 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் கட்டி தட்டாது. கொதி வந்ததும் கெட்டிப்படும். கரண்டியின் பின்புறத்தில் ஒட்டி நின்றால் பதம். சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி போட்டு, ருசி பார்த்துவிட்டு உப்பு. பிறகு டின் முறையில் சொன்னதுபோலவே பீன்ஸ், வெங்காயம், ஓவன்.

நம் ஊருக்கு இரண்டொரு வசதிகள். நாசி லெமாக்குக்கும் சூப்புக்கும் தூவும் பொரித்த சின்ன வெங்காயம் எந்தப் பேரங்காடியிலும் கிடைக்கிறது. அமெரிக்க டப்பா வெங்காயத்தைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் நம் காற்றின் ஈரத்தில் அது சீக்கிரம் நமுத்துப்போகும். இறுக்கமான புட்டியில் வைத்து, விருந்துக்குத் தனியாகக் கொண்டுபோய் அங்கே தூவுங்கள். முந்திய நாளே கலந்து, வெங்காயம் இல்லாமல் குளிர்பெட்டியில் வைக்கலாம். மறுநாள் ஓவனில் பத்து நிமிடம் கூடுதலாக வையுங்கள். ஓவன் இல்லாதவர்கள் அகலச் சட்டியில் சிறு தீயில் கொதிக்கவிட்டு, இறக்கியதும் வெங்காயம் தூவலாம். முறுகல் மூலை கிடைக்காது, மற்றதெல்லாம் கிடைக்கும். மார்கழியில் சைவம் இருப்பவர்களும், ஹலால் உணவு உண்ணும் நண்பர்களுக்குச் சமைப்பவர்களும் டின்னிலும் பொட்டலத்திலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

எந்த முறையில் செய்வது? தம்பி மகளுக்கு நான் சொன்னது இதுதான். "சாப்பிடப் போறவங்களை முதல்ல நினைச்சுப் பாரு. உன் ஆபீஸ்ல யாருக்கும் இது அம்மா கைச் சாப்பாடு இல்லை. அதனால புது முறையில நல்லாச் செய், பாராட்டு வாங்கிட்டு வா. ஆனா எங்கேயாவது யாராவது 'எங்க வீட்ல இதை இப்படிச் செய்வாங்க'ன்னு ஆரம்பிச்சா, நீ உன் கெட்டிக்காரத்தனத்தை ஓரமா வெச்சுட்டு, 'எப்படிச் செய்வாங்க'ன்னு கேளு."

"டின்னுன்னு சொன்னாலும் டின்னா?"

"டின்னுன்னு சொன்னா டின்னுதான்."

இன்னொரு டின் இப்போதும் பெரியவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று தங்கை சொல்கிறாள். ஒவ்வொரு நவம்பரிலும் புது டின் வாங்கி அவரே செய்கிறாராம். வெங்காயத்தை ஒருமுறை கருக்கிவிட்டாராம்.

இந்தத் தீபாவளிக்கு நான் டின் பால் ஊற்றிக் குருமா வைத்துத் தம்பி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா போய் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. தம்பி ஒரு வாய் சாப்பிட்டான். நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. இன்னும் இரண்டு இடியாப்பம் கேட்டான்.